ஆவடி டேங்குக்கு உண்டு, அம்பத்தூர் காருக்கு இல்லை

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குமாரின் டீம் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அடுத்த ஒரு வாரத்துக்கு சென்னையில் பாதிப் பேர் திடீர் மோட்டார் ஸ்போர்ட்ஸ் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். டீக்கடை வரைக்கும் பிட் ஸ்டாப் பேச்சுதான் :)

நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பேச்சிலெல்லாம் ஒரு கேள்வி மட்டும் வரவே இல்லை. கார் ஓட்ட நம் ஊரில் ஆள் இருக்கிறார்கள், சரி. காரின் பவரைக் கூட்டுகிற ஒரு சூப்பர்சார்ஜர் கிட்டை அம்பத்தூரில் செய்து விற்க முடியுமா?

செய்ய முடியும். விற்கவும் ஆள் கிடைப்பார்கள். ஆனால் வாங்கியவர் அதைத் தன் காரில் மாட்டிக்கொண்டு பூந்தமல்லி ஹைரோட்டில் சட்டப்படி ஓட்ட முடியாது. இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது வரியைப் பற்றியது.

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது?

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிய காற்று வேண்டும். சாதாரண இன்ஜின் பிஸ்டன் கீழே இறங்கும்போது கிடைக்கிற காற்றை இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதிகக் காற்றை உள்ளே அமுக்கித் திணித்தால் அதற்கேற்ப அதிக பெட்ரோலையும் எரிக்கலாம், பவர் கூடும். அந்த அமுக்குகிற வேலையை எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுற்றி செய்தால் அது டர்போ. இன்ஜினிலிருந்தே பெல்ட் அல்லது கியர் போட்டுச் சுற்றி செய்தால் அது சூப்பர்சார்ஜர்.

கணக்கு எளிது. வெளியே காற்றழுத்தம் சுமார் 14.7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் 6 பிஎஸ்ஐ அழுத்தினால் மொத்தம் 20.7. அதாவது ஏட்டுக் கணக்கில் சுமார் 40 சதவீதம் கூடுதல் காற்று. காற்றை அமுக்கினால் சூடாகும், சூடானால் அடர்த்தி குறையும். சூப்பர்சார்ஜரைச் சுற்றவே இன்ஜின் கொஞ்சம் பவரைச் செலவு செய்ய வேண்டும். இதெல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் லாபம். (காமர்ஸ் படித்தவர்களுக்கு கிராஸ் பிராஃபிட், நெட் பிராஃபிட் மாதிரி.)

இந்த யோசனை புதுசும் இல்லை. அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் பேடன்ட் எடுத்த காற்றூதும் இயந்திரம்தான் இதன் தாத்தா. அது காருக்காகச் செய்ததே இல்லை, அப்போது கார் என்ற ஒன்றே கிடையாது. 1921-ல் மெர்சிடிஸ் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களைக் காட்சிக்கு வைத்தது. பிறகு வந்த 'ப்ளோயர் பென்ட்லி' கதை இன்னும் சுவாரசியம். கம்பெனியை ஆரம்பித்த டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு சூப்பர்சார்ஜரே பிடிக்காது. பவர் வேண்டுமா, பெரிய இன்ஜின் போடு என்பது அவர் கட்சி. ஆனால் ரேஸர் டிம் பர்கின் பிடிவாதமாக, டோரதி பேஜட் என்ற பணக்காரப் பெண்மணியின் காசில், ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற இன்ஜினியரை வைத்து 4.5 லிட்டர் பென்ட்லிக்கு சூப்பர்சார்ஜர் பொருத்தினார். லெ மான்ஸ் ரேஸில் ஓட 50 கார்கள் விற்பனைக்குச் செய்ய வேண்டும் என்று விதி. அதையும் செய்தார்கள். 1930 லெ மான்ஸில் ப்ளோயர்கள் பாதியிலேயே நின்றுபோக, ஜெயித்தது சூப்பர்சார்ஜர் இல்லாத பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். அதே வருடம் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் பர்கின் அதே ப்ளோயரை ஓட்டி இரண்டாவது வந்தார்.

கம்பெனிக்கு வெளியே இருந்து ஒருவர் வந்து, கம்பெனிக்காரர் வேண்டாம் என்றும் கேட்காமல் செய்த வேலை அது. இன்று 'ஆஃப்டர் மார்க்கெட் கிட்' என்று சொல்வது அதைத்தான்.

ஆவடியில் ஏற்கனவே இருக்கிறது

சூப்பர்சார்ஜர் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் ஆவடி பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள இன்ஜின் ஃபாக்டரியில் டி-72 டேங்குக்குச் செய்யப்படும் வி-46-6 இன்ஜின், 12 சிலிண்டர், 38.8 லிட்டர் டீசல். பவர் 780 குதிரைச்சக்தி. அதில் காற்றைத் திணிப்பது டர்போ இல்லை, இன்ஜினோடு கியரில் இணைந்த சூப்பர்சார்ஜர்! டி-90 டேங்கின் 1000 குதிரைச்சக்தி இன்ஜின்தான் டர்போவுக்கு மாறியது. இந்த இரண்டு இன்ஜின்களையும் முழுக்க உள்நாட்டுப் பாகங்களால் செய்து 2018 ஜூலையில் ஆவடியில் ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள்.

ஆக, ஆவடியில் 780 குதிரைச்சக்தி சூப்பர்சார்ஜ்டு இன்ஜின் செய்கிறார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அம்பத்தூர் எஸ்டேட். 1964-ல் அரசு உருவாக்கியது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னதும் பெரிதுமான யூனிட்டுகள். பக்கத்துப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் எல்லாம் 1960-களிலிருந்து இருப்பவை. அலுமினியம் காஸ்டிங், சிஎன்சி, கியர் கட்டிங், பேலன்சிங், அனோடைசிங் என்று ஒரு சூப்பர்சார்ஜர் கிட்டுக்கு வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் இந்தப் பகுதியில் ஜாப் ஒர்க் செய்து தர ஆள் இருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. உலகத்தில் பல கார்களில் வரும் ஈட்டன் கம்பெனி சூப்பர்சார்ஜரின் பெயரே 'டிவிஎஸ்'. 'ட்வின் வார்ட்டிசெஸ் சீரிஸ்' என்பதன் சுருக்கம். பாடி டிவிஎஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

கிட் என்பது ஒரு டப்பா இல்லை

உதாரணத்துக்கு 2012-ல் வந்த டொயோட்டா 86-ஐ எடுத்துக்கொள்ளலாம். 2 லிட்டர், சுமார் 200 குதிரைச்சக்தி, பின் சக்கர டிரைவ். ஓட்ட அருமை, பவர் போதவில்லை என்பது பலரின் குறை. கம்பெனி டர்போ வைக்கவில்லை. அந்த இடைவெளியில் பல வெளிக் கம்பெனிகள் சூப்பர்சார்ஜர் கிட் செய்து இறக்கின.

அப்படி ஒரு கிட் செய்ய சூப்பர்சார்ஜரை வாங்கி போல்ட் போட்டால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. முதலில் அந்தக் காரின் பானெட்டுக்குள் எங்கே இடம் இருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளக்க வேண்டும். பிராக்கெட் வளையக் கூடாது, வளைந்தால் பெல்ட் கழன்று ஓடும். புல்லி சைஸ் கொஞ்சம் மாறினால் பூஸ்ட் மாறும். சூடான காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர், கூடுதல் பெட்ரோலுக்குப் பெரிய இன்ஜெக்டர், இரண்டுக்கும் கணக்கு சொல்ல ஈசியு புரோகிராம். சிலிண்டருக்குள் கலவை நேரம் தவறித் தானாகவே வெடித்தால் பிஸ்டன் உடையும். சில சென்ட்ரிஃப்யூகல் வகைகளில் உள்ளே இருக்கும் விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். அங்கே பேலன்சிங் தப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் முடித்த பிறகு டெஸ்டிங். இங்கேதான் சென்னைக்கு ஒரு தனி அட்வான்டேஜ். குளிர் நாட்டில் செய்த கிட் மே மாதம் மதியம் 2 மணிக்கு ஏசி ஓட, பாடி சந்திப்பில் அரை மணி நேரம் ஊர்ந்து பார்த்திருக்காது. அந்தச் சூட்டில் தாங்கினால் எந்த ஊரிலும் தாங்கும்!

சட்டம் எங்கே மறிக்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் சேர்த்தது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நீதிமன்றத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கார் மாடல் ரோட்டுக்கு வரும் முன் பிரேக், புகை, பாதுகாப்பு என்று சோதனை செய்து சான்றிதழ் வாங்குகிறது. வாங்கியவர் இஷ்டத்துக்கு மாற்றினால் அந்தச் சான்றிதழுக்கு அர்த்தமே இல்லை. எழுதியிருக்கும் சட்டத்துக்கு அதுதான் சரியான விளக்கம்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. பெட்ரோல் காரை சிஎன்ஜிக்கோ எல்பிஜிக்கோ மாற்றலாம். கிட் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். அதைவிட ஆச்சரியம், பழைய காரின் இன்ஜினையே கழற்றிப் போட்டுவிட்டு எலக்ட்ரிக் மோட்டாரும் பேட்டரியும் வைக்கலாம். அதற்கென்றே ஏஐஎஸ்-123 என்று ஒரு தரவிதி இருக்கிறது, டெஸ்டிங் முறை எழுதப்பட்டிருக்கிறது.

டிக்கியில் அழுத்தமான கேஸ் சிலிண்டர் வைக்க வழி இருக்கிறது. இன்ஜினையே தூக்கிவிட்டு பேட்டரி வைக்க வழி இருக்கிறது. அதே இன்ஜினுக்குக் கூடுதல் காற்று கொடுக்க மட்டும் வழி இல்லை. ஆபத்து அதிகம் என்று யாரோ சோதித்துப் பார்த்து மறுத்திருந்தால் சரி. இங்கே சோதித்துப் பார்க்கிற பேச்சே இல்லையே?

கலிபோர்னியாவைப் பாருங்கள். புகை விஷயத்தில் உலகத்திலேயே கண்டிப்பான ஊர்களில் ஒன்று. அங்கேயும் புகையைப் பாதிக்கும் மாற்றம் பொதுவாகத் தடைதான். ஆனால் கிட் செய்பவர் அதை சோதனைக்குக் கொடுத்து, புகை கூடவில்லை என்று நிரூபித்தால் அரசு ஒரு உத்தரவு எண் கொடுக்கும். அந்த எண் ஒட்டிய கிட் சட்டப்படி செல்லும். ஜெர்மனியிலும் சோதனை நிறுவனங்கள் சான்று கொடுத்து வண்டிப் பத்திரத்தில் ஏற்றும் முறை இருக்கிறது.

காசுக் கணக்கு

எல்லாம் சரி, இதில் வியாபாரம் இருக்கிறதா? ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். (எண்கள் எல்லாம் புரிவதற்காக வைத்துக்கொண்டவை, எந்தக் கம்பெனியின் கணக்கும் இல்லை.) ஒரு மாடலுக்கு கிட் டெவலப் செய்ய 60 லட்சம். ஒரு கிட்டின் அடக்கச் செலவு 1,20,000. விலை 2,00,000. ஒவ்வொரு கிட்டுக்கும் மிஞ்சுவது 80,000. அப்படியானால் 75 கிட் விற்றால் போட்டது திரும்பும். அரசு சோதனை, சான்றிதழ் என்று இன்னொரு 24 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். இப்போது 105 கிட் விற்க வேண்டும்.

75 எங்கே, 105 எங்கே என்று பயப்படத் தோன்றும். ஆனால் சான்றிதழ் இல்லாத கிட்டை வாங்குவது யார்? போலீஸ் பிடித்தால் அபராதம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மில் சிக்கல், காரை விற்கப் போனால் கேள்வி. விவரம் தெரிந்தவர் வாங்க மாட்டார். ஆக அந்த 24 லட்சம் வாடிக்கையாளரைக் கொண்டுவரும் செலவு. அது இல்லாமல் 75-ஐ எட்டுவதே கஷ்டம்.

சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி இருந்தது, அதுவும் தமிழ்நாட்டுக் கதைதான். கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி என்று ஒரு கார் விட்டார்கள். 1.2 லிட்டர் டர்போ, 114 பிஎஸ், ஷோரூம் விலை 6.39 லட்சம். கார் கம்பெனியே கூட்டு சேர்ந்ததால் அது புது மாடலாகவே சான்றிதழ் வாங்கியது. ஓட்டிப் பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். 2020-ல் பிஎஸ்6 வந்தபோது அந்தக் கார் நின்றுபோனது. எண்ணிக்கை இருந்தால்தான் பெரிய கம்பெனி ஒரு மாடலைத் தொடரும். நூறு இருநூறு பேருக்காகச் செய்வது சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படி ஆகும், டாடாவுக்கு ஆகாது. ஆனால் சட்டப்படி செய்யும் வசதி டாடாவிடம் மட்டும்தான் இருக்கிறது. சிக்கலே இதுதான்.

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

ஒன்று, ரோட்டில் பசங்க ரேஸ் விடுவார்கள். நியாயமான பயம். அவுட்டர் ரிங் ரோட்டில் நசரத்பேட்டை பக்கம் ராத்திரியில் போனவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஆனால் அந்த வண்டிகளில் இருப்பது அங்கீகாரம் பெற்ற கிட் இல்லை. எங்கோ ஒரு மூலையில் பில் இல்லாமல் செய்த ரீமேப்பும், சத்தத்துக்காக வெட்டிய சைலன்சரும்தான். தடை இருந்தும் அது நடக்கிறது. சான்றிதழ் முறை வந்தால் எது சரி எது தப்பு என்று போலீஸ்காரருக்கே பத்து நொடியில் தெரியும்: ஆர்.சி.யில் பதிந்திருந்தால் சரி, இல்லையென்றால் வண்டியைப் பிடி. நேர்மையான கிட்டுக்கு வழி விடுவதோடு திருட்டு வேலைக்கு இன்னும் கடுமை காட்டலாம்.

இரண்டு, 100 குதிரைச்சக்திக்கு வைத்த பிரேக் 140-ஐத் தாங்குமா? தாங்காமல் போகலாம். அதனால்தான் பிரேக், டயர் மாற்றமும் கிட்டோடு சேர்ந்தே சோதிக்கப்பட வேண்டும். சூப்பர்சார்ஜரைத் தனியாக விற்கவே கூடாது.

மூன்று, இது எலக்ட்ரிக் காலம், பெட்ரோல் இன்ஜினுக்கு இனி எதற்கு மெனக்கெட வேண்டும்? இந்தக் கேள்விதான் அம்பத்தூருக்கு உண்மையிலேயே வலிக்கிற கேள்வி. மறைமலைநகரில் 2022-ல் ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்தியபோது, பெரிய கம்பெனியின் ஆர்டரை மட்டும் நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்று சின்ன சப்ளையர்கள் பார்த்தார்கள். எலக்ட்ரிக் காரில் பிஸ்டன், வால்வு, எக்ஸாஸ்ட் கிடையாது. அந்தப் பாகங்களையே செய்துகொண்டிருப்பவர்களுக்கு வேறு வேலை தெரிந்திருக்க வேண்டும். சூப்பர்சார்ஜரின் ரோட்டர் வேலையோ காரோடு முடிவதில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று ஊதுவது அதே ரூட்ஸ் வகை ப்ளோயர்தான். ஹைட்ரஜன் ஃபியூயல் செல்லுக்கும் காற்றைத் திணிக்க கம்ப்ரசர் வேண்டும். இரண்டு ரோட்டர்கள் தலைமுடி கனத்துக்கு உரசாமல் சுற்றும்படி செய்யக் கற்றுக்கொண்ட பட்டறைக்கு நாளைக்கும் வேலை இருக்கும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

சிஎன்ஜி, எலக்ட்ரிக் கிட்டுகளுக்கு இருப்பது மாதிரி பவர் கிட்டுக்கும் ஒரு தரவிதியை மத்திய போக்குவரத்து அமைச்சகம் எழுத வேண்டும். குறிப்பிட்ட மாடலுக்கு மட்டும் அங்கீகாரம், அனுமதி பெற்ற பட்டறையில் மட்டும் பொருத்துவது, ஆர்.சி.யில் பதிவு, பவர் உயர்வுக்கு ஒரு உச்சவரம்பு, கூடுதல் இன்சூரன்ஸ் பிரீமியம், கிட் உடைந்து இன்ஜின் போனால் பொறுப்பு கிட் செய்தவருக்கு. சோதிக்க இடம் தேடி அலையவும் வேண்டாம். ஒரகடத்தில் அரசின் ஜிஏஆர்சி சோதனை மையம் இருக்கிறது, பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் ரோட்டில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ரேஸ் டிராக் இருக்கிறது. சின்ன யூனிட்டுகள் சேர்ந்து பொது வசதி மையம் கட்ட மத்திய அரசின் கிளஸ்டர் திட்டம் இருக்கிறது, அதில் ஒரு டைனோ போட்டால் பத்துப் பட்டறை பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இது வந்தால் எல்லோரும் சூப்பர்சார்ஜர் மாட்டிக்கொண்டு பறக்கப் போவதில்லை. வருடத்துக்குச் சில நூறு பேர் வாங்கினாலே அதிகம். ஆனால் அந்தச் சில நூறுக்காக வரைபடம் போடவும், காஸ்டிங் ஊற்றவும், ஈசியு எழுதவும் கற்றுக்கொள்கிற இளைஞர்களுக்கு அது பெரிய விஷயம். இதுவரை அடுத்தவர் கொடுத்த டிராயிங்குக்குப் பாகம் செய்து கொடுத்த ஊர், முதல் முறையாகத் தன் டிராயிங்கில் தன் பெயரைப் போட்டு ஒரு பொருளை விற்கும்.

டி-72 டேங்கை நம்பி ஆவடி செய்து கொடுக்கிறது. ஒரு சின்னக் காருக்கு அதே வேலையைச் செய்ய அம்பத்தூரை நம்பினால் என்ன? முதலில் சோதித்தாவது பார்க்கட்டும். தேறவில்லை என்றால் அப்போது மறுக்கட்டும்.